கோல்டன் பேரல் கள்ளி: செடிக்கு ஒன்பது, தொட்டிக்கு இரண்டு

நர்சரிகளில் "கோல்டன் பேரல்" என்றும், சில கடைகளில் "கோல்டன் பால்" என்றும் அட்டை குத்தி விற்கிற மஞ்சள் முள் உருண்டைக்கு மதிப்பெண் போடச் சொன்னால், செடிக்குப் பத்துக்கு ஒன்பது. அது உட்கார்ந்து வருகிற கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) தொட்டிக்கு இரண்டு. அந்த இரண்டும் அடியில் துளை இருப்பதற்காகத்தான். வாங்கி நாலே மாதத்தில் அழுகிவிட்டது, நம் ஊர் வெயிலைத் தாங்கவில்லை, நம் வீட்டுக்குக் கள்ளி ஆகாது என்று வருகிற புகார்களைத் தோண்டிப் பார்த்தால், அடியில் அகப்படுவது பெரும்பாலும் அந்தப் பழுப்புப் பஞ்சுதான்.

முதலில் செடி. எக்கினோகாக்டஸ் குருசோனி என்பது நெடுங்காலம் வழங்கிய தாவரவியல் பெயர். இப்போது குரோன்லைனியா குருசோனி என்று தனிப் பேரினமாக வைக்கிறார்கள். கடைக்காரரிடம் பழைய பெயரைச் சொன்னால்தான் தெரியும். பிறந்த இடம் நடு மெக்சிகோவின் கெரெத்தாரோ, இதால்கோ மாநிலங்களில் இருக்கும் பள்ளத்தாக்குகளின் பாறைச் சரிவு. 1990களில் சிமாபான் அணை நிரம்பியபோது அந்தச் சரிவுகளில் நிறைய தண்ணீருக்குள் போய்விட்டன. காட்டில் அருகிப்போன செடி, நர்சரிகளில் விதையிலிருந்து கோடைத் தக்காளி நாற்று மாதிரி மலிந்து கிடக்கிறது. கடைக்கு வருவது விதைச்செடி என்பதால் வாங்குவதில் மனக்குறை வேண்டாம்.

கள்ளி என்ற பெயரை வைத்துக்கொண்டு நம் ஊர்க் கள்ளியின் பாடத்தை இதற்குப் படிக்கக் கூடாது. சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி எல்லாம் பால் வடிகிற யூபோர்பியா வகை. சங்கப் பாடலில் வருகிற பாலைநிலக் கள்ளியும் அந்தக் கூட்டம்தான். இதற்கு உறவு என்றால் சப்பாத்திக்கள்ளி, அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து குடியேறியது. வேலியோரத்தில் களிமண், குப்பைமண் பார்க்காமல் சப்பாத்திக்கள்ளி வளர்வதைப் பார்த்துவிட்டு, இதையும் அப்படியே நட்டுவிடுபவர்கள் உண்டு. வேர் அந்த அளவுக்கு முரடு அல்ல.

விற்பனைக்கு வருவது மூன்று அளவு. 5-6 செ.மீ. குட்டி, 3 அங்குல பிளாஸ்டிக் தொட்டியில். 10-12 செ.மீ. செடி, 5 அல்லது 6 அங்குலத் தொட்டியில். 20 செ.மீ.க்கு மேல் போனவை, தோட்டம் போடுபவர்களுக்கு. குட்டியில் முதிர்ந்த செடியின் நெடுங்கோட்டு முகடுகள் இருக்காது, தனித்தனிக் குமிழாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து வேறு செடியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம், வளர வளர குமிழ்கள் சேர்ந்து முகடாகும். வாங்கச் சிறந்தது நடு அளவு. குட்டிக்கு வேர் கைப்பிடிகூட இருக்காது, ஒரு வாரக் கவனக்குறைவைத் தாங்காது. பெரியதில் விலை ஏறுவது அளவுக்காக அல்ல, காலத்துக்காக. நல்ல வளர்ப்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 செ.மீ. விட்டம்தான் கூடும். அந்தக் கணக்கில் பார்த்தால் பெரிய செடியின் விலை நியாயமே, ஆனால் புதிதாக வளர்ப்பவர் அந்தப் பணத்தை வைத்துப் பழக வேண்டியதில்லை.

கடையில் நிற்கும்போது பார்க்க வேண்டியது மேலே இருக்கும் தங்க நிறத்தை அல்ல. பென்சிலின் பின்முனையால் அடிப்பகுதியை, மண்ணைத் தொடும் இடத்தில், நாலு பக்கமும் அழுத்துங்கள். கல் மாதிரி இருந்தால் சரி. எந்த இடத்திலாவது பழுத்த சப்போட்டா மாதிரி அமுங்கினால் வைத்துவிடுங்கள். அடியில் மரப்பட்டை போலக் காய்ந்து பழுப்பாக இருப்பது வேறு, அது முதிர்ச்சி; அழுத்தினால் உள்ளே போகாது. அடுத்து உச்சி. உருண்டையாக, முள் நெருக்கமாக இருக்க வேண்டும். எலுமிச்சம்பழக் காம்பு மாதிரி கூம்பி, வெளிறி, முள் இடைவெளி விட்டிருந்தால் செடி வெளிச்சமில்லாமல் நின்றிருக்கிறது. பிறகு எவ்வளவு வெயில் காட்டினாலும் அந்தக் கூம்பு திரும்பாது, அதற்கு மேல் அகலமாக வளர்ந்து இடுப்பு விழுந்த சுரைக்காய் ஆகும்.

உச்சியில் சீராக இருக்கும் வெளிர்மஞ்சள் பஞ்சு செடியுடையது. முள் இடுக்குகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்து, குச்சியால் தொட்டால் பிசுபிசுத்தால் அது மாவுப்பூச்சி. கடைக்காரர் பழக்கமானவர் என்றால் தொட்டியிலிருந்து உருவிக் காட்டச் சொல்லுங்கள். நல்ல வேர் வெளிர் பழுப்பாக, இழுத்தால் அறாமல் இருக்கும். தொட்டியின் உட்சுவரில் வெண்பொடி அப்பியிருந்தால் வேர் மாவுப்பூச்சி. அந்த வரிசையில் எந்தத் தொட்டியும் வேண்டாம்.

ஏமாற்று வேலைகள் சில உண்டு. முள்ளுக்கு ஊதா, இளஞ்சிவப்பு சாயம் தெளித்து விற்பது ஒன்று. சாயம் தோலை மூடினால் ஒளிச்சேர்க்கை தடைபடும், புது முள் மஞ்சளாகவே வரும். காய்ந்த காகிதப்பூவை சூட்டுப் பசையால் உச்சியில் ஒட்டி "பூத்த கள்ளி" என்று விலை ஏற்றுவது இன்னொன்று. இந்தச் செடி பூக்க வேண்டுமானால் கிட்டத்தட்ட 35-40 செ.மீ. விட்டம் வர வேண்டும், அதற்குப் பதினைந்து இருபது ஆண்டு ஆகும். அப்போதும் உச்சிப் பஞ்சுக்குள் வளையமாகச் சின்ன மஞ்சள் பூக்கள்தான் வரும். உள்ளங்கை அளவுச் செடியில் பூ தெரிந்தால், அது ஒட்டியது அல்லது வேறு செடி. மெத்தென்ற மஞ்சள் முடியோடு இதே அட்டையில் விற்கப்படும் பரோடியா லெனிங்ஹாசி நல்ல செடிதான், ஆனால் இது அல்ல. முள்ளை விரலால் மெல்லத் தடவினால் வளைந்து கொடுத்தால் அது, குத்தினால் இது.

டிராகன் ஃப்ரூட் தண்டில் ஒட்டுக்கட்டிய கோல்டன் பேரலும் வருகிறது. தொடக்கத்தில் வேகமாக ஊதும், சில ஆண்டுகளில் மேலே கனம் கூடி அடித்தண்டு சுருங்கிச் சாயும். சொந்த வேரில் நிற்பதே வாங்கத் தக்கது.

இனி அந்த இரண்டு மதிப்பெண் தொட்டி. பொள்ளாச்சிப் பக்கத்துத் தேங்காய் நார்த் தொழிலின் உபயத்தில் கோகோபீட் மலிவு, எடை குறைவு, லாரி வாடகை மிச்சம். நர்சரியில் அது வேலை செய்வதற்கும் காரணம் இருக்கிறது: மேலே மழை படாத கூரை, ஒரே அளவுத் தொட்டிகள், ஒரே கணக்கில் தண்ணீர், எந்நேரமும் காற்று. வீட்டுக்கு வந்ததும் இந்தக் கணக்கு உடைகிறது. மேல்மண் இரண்டு நாளில் காய்ந்து வெளுத்துவிடும், வேருக்கு நடுவில் இருக்கும் உருண்டை மட்டும் பத்து நாளானாலும் ஈரமாக இருக்கும். மேலே பார்த்துத் தண்ணீர் ஊற்றுகிறவர் நடுவில் நனைந்த பஞ்சை மறுபடி நனைக்கிறார். நேர்மாறும் நடக்கும். முழுக்கக் காய்ந்துவிட்டால் கோகோபீட் சுருங்கித் தொட்டிச் சுவரிலிருந்து விலகி நிற்கும், ஊற்றிய தண்ணீர் அந்த இடைவெளியில் வழுக்கி அடித்துளையில் வந்துவிடும். தட்டில் தண்ணீர் வந்ததைப் பார்த்துத் திருப்தியாகிவிடுவோம், வேர் நனைந்தே இருக்காது.

ஆகவே வாங்கிய செடியை மாற்றி நடுவது விருப்பம் அல்ல, வாங்குவதன் ஒரு பகுதி. ஒரு வாரம் தண்ணீர் காட்டாமல் நிழலில் வையுங்கள், பஞ்சு காய்ந்தால் தானாக உதிரும். செய்தித்தாளை நாலாக மடித்துப் பட்டையாக்கிச் செடியைச் சுற்றிப் பிடித்தால் முள் ஏறாது. கையுறையை நம்பாதீர்கள், இந்த முள் துணியையும் மெல்லிய ரப்பரையும் துளைக்கும். தொட்டியைத் தட்டி உருவி, மூங்கில் குச்சியால் வேரிலிருந்து பஞ்சைச் சீவி எடுங்கள். வேரின் மையத்தில் விரல் பருமனுக்கு இறுகிய ஒரு கட்டி இருக்கும், நாற்றுப் பருவத்தில் வைத்த அடைப்பு அது. சில நேரம் வலைத்துணியும் சுற்றியிருக்கும். சோம்பல்படாமல் அதையும் பிரித்து எடுக்க வேண்டும், நாளைக்கு அழுகல் தொடங்கப்போவது அங்கேதான். கருத்த, உள்ளீடில்லாத வேர்களைக் கத்தரித்துவிட்டு, வெறும் வேரோடு 4-5 நாள் காற்றோட்டமான நிழலில் கிடத்துங்கள். வெட்டுக்காயம் காய இந்த இடைவெளி தேவை.

மண் கலவை, 5 லிட்டர் அளவுக்கு: 3 முதல் 6 மி.மீ. வரை உடைத்த செங்கல் 2 லிட்டர், சலித்த எம்-சாண்ட் 1 லிட்டர், பெர்லைட் (பொரித்த வெள்ளை எரிமலைக்கல் துகள்) அல்லது அதே அளவில் நொறுக்கிய மரக்கரி அரை லிட்டர், செம்மண் அரை லிட்டர், நன்கு மக்கிய மண்புழு உரம் அல்லது இலைமக்கு 1 லிட்டர், வேப்பம்புண்ணாக்கு ஒரு மேசைக்கரண்டி. எல்லாம் எடைக் கணக்கு அல்ல, கொள்ளளவுக் கணக்கு. ஒரே குவளையால் அளக்கவும். இதில் மூன்று இடத்தில் தவறு நடக்கும். எம்-சாண்டை அப்படியே போட்டால் அதிலிருக்கும் மாவு தண்ணீரோடு இறங்கி அடியில் சிமென்ட் மாதிரி படியும். ஜன்னலுக்கு அடிக்கிற கொசுவலையில் சலித்து, வலைமேல் தங்குவதை மட்டும் எடுத்துக் கழுவுங்கள். செங்கல்லை ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போடுங்கள். காலையில் குழம்பாகியிருந்தால் சரியாக வேகாத கல், தொட்டிக்குள்ளும் அப்படித்தான் கரையும். இடித்த கட்டடத்துச் செங்கல்லில் சிமென்டோ சுண்ணாம்போ ஒட்டியிருந்தால் கலவையில் காரம் ஏறி, செடி இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் உச்சி வெளிறும். கடற்கரை மணலைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை, உப்பு.

கலவை சரியா என்று பார்க்க, செடி வைக்கும் முன் தொட்டியை நிரப்பி கால் லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். மேலே குளம் கட்டாமல் சில நொடியில் அடியில் ஒழுகத் தொடங்க வேண்டும். கட்டி நின்றால் செங்கல்லைக் கூட்டுங்கள். கடைகளில் "கள்ளி மண்" என்று பையில் விற்பதையும் இந்தச் சோதனையிலேயே தரம் பிரிக்கலாம். பையை அமுக்கிப் பார்த்து மெத்தென்று இருந்தால் உள்ளே முக்கால்வாசி கோகோபீட். அதை வாங்கி, இரண்டு பங்கு செங்கல் துண்டு சேர்த்தால் தேறும். அப்படிச் சேர்த்த பிறகு அந்தப் பைக்குக் கொடுத்த காசு எதற்கு என்ற கேள்வி வரும், அதற்குப் பதில் இல்லை.

தொட்டி, செடியின் விட்டத்தைவிட 2-3 செ.மீ. அகலம் கூடுதலாக இருந்தால் போதும். "வளர்கிற செடிதானே" என்று பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண் ஈரத்தைத் தேக்கும். கடலோர ஊர்களுக்குச் சுட்ட மண்தொட்டி நல்லது, கோவை, மதுரை மாதிரிக் காய்ந்த காற்றுள்ள ஊரில் பிளாஸ்டிக்கும் போதும். பரிசுக் கடைகளில் செடியோடு சேர்த்து விற்கிற துளையில்லாப் பீங்கான் குவளைக்கு மதிப்பெண் சுழியம். அடியில் கூழாங்கல் போட்டால் தண்ணீர் அதில் தங்கிக்கொள்ளும் என்பார்கள். மெல்லிய துகள் உள்ள மண் கூழாங்கல்லுக்கு மேலேயே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேருக்குப் பயனில்லை. குவளை பிடித்திருந்தால், டைல்ஸ் துளைக்கும் 8 மி.மீ. பிட்டை வைத்து, தண்ணீர் விட்டுக்கொண்டே மெதுவாகத் துளை போடலாம். கூழாங்கல்லைப் பசையால் மேலே ஒட்டியிருந்தால் முதலில் அதைப் பெயர்த்தெடுங்கள், தண்ணீர் இறங்க வழியே இருக்காது.

காய்ந்த கலவையில் நட்டு, ஒரு வாரம் கழித்து முதல் தண்ணீர். அதன் பிறகு விதி ஒன்றுதான்: ஊற்றினால் அடியில் ஒழுகும்வரை ஊற்று, பிறகு அடிவரை காயும்வரை தொடாதே. மேலிருந்து பார்த்துத் தெரியாது. கூரிய மூங்கில் குச்சியை விளிம்போரம் அடிவரை செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவுங்கள், ஈரநிறமோ மண்ணோ ஒட்டியிருந்தால் காத்திருங்கள். சமையலறைத் தராசு இருந்தால் இன்னும் எளிது. தண்ணீர் ஊற்றுமுன் ஒருமுறை, ஊற்றி ஒழுகி முடிந்ததும் ஒருமுறை எடை எழுதி வைத்துக்கொண்டால், முதல் எண்ணுக்குத் திரும்பும் நாளே அடுத்த தண்ணீர் நாள். 5 அங்குல மண்தொட்டிக்கு மார்ச்சிலிருந்து ஜூன் வரை ஏறக்குறைய வாரம் ஒருமுறை வரும், பிளாஸ்டிக்கில் பத்து நாள். ஊற்றுவது மாலையில். கள்ளி இரவில்தான் தோலிலுள்ள நுண்துளைகளைத் திறந்து மூச்சு விடும், பகல் வெக்கையில் ஊற்றினால் சூடேறிய தொட்டிக்குள் வேர் வெந்துபோகும். போர்வெல் உப்புத்தண்ணீர் வெண்படலம் விடும். மழைநீர் பிடித்து வைத்தது இருந்தால் அதைவிட நல்லது இல்லை.

இந்தச் செடியைத் தமிழ்நாட்டில், குறிப்பாகக் கிழக்குக் கரையில், கொல்வது சித்திரை வெயில் அல்ல, ஐப்பசி கார்த்திகை அடைமழை. அதன் சொந்த ஊரில் மழை கோடையில் பெய்யும், குளிர்காலம் வறட்சி. சென்னையில் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மி.மீ.; அதில் அறுபது சதவீதம்போல அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும், அதாவது செடி வறட்சியை எதிர்பார்த்து அடங்கத் தொடங்குகிற நேரத்தில். கூடவே வாரக்கணக்கில் வெயில் இல்லை, காற்றில் ஈரம் இறங்குவதில்லை. நவராத்திரி முடிவதற்குள் செடிகளைக் கூரைக்கடியில் கொண்டுபோய்விட வேண்டும். நாலு பக்கமும் திறந்த சட்டத்தின் மேல் சரிவாக ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் தகடு போட்டால் போதுமானது. பாலித்தீன் தாளால் செடியைச் சுற்றி மூடுவது அழுகலுக்கு அழைப்பு. இந்த மூன்று மாதமும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் இரண்டு மூன்று நாள் வெயில் அடித்த பிறகு, கொஞ்சம் தண்ணீர். செடி லேசாகச் சுருங்கினால் பதற வேண்டாம், தை பிறந்ததும் ஊதிக்கொள்ளும்.

வெயில் விஷயத்தில் அட்டையில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். "அறைக்குள் வைக்கலாம், கணினிக் கதிர்வீச்சை உறிஞ்சும்" என்பது விற்பனைப் பேச்சு. குறைந்தது ஐந்தாறு மணி நேர நேர்வெயில் வேண்டும். அதற்காக நிழல்வலைக்குள் வளர்ந்து வந்த செடியை அன்றே மொட்டை மாடியில் வைத்தால் இரண்டே நாளில் ஒரு பக்கம் வெள்ளையாக வெந்து, பிறகு தக்கை மாதிரி பழுப்பாகும். அந்தத் தழும்பு போகாது. முதல் வாரம் காலை வெயில் மட்டும், இரண்டாம் வாரம் 50 சதவீத நிழல்வலைக்கடியில் முழு நாள், மூன்றாம் வாரத்துக்குப் பிறகு திறந்தவெளி. கத்திரி வெயிலில் வலையை மறுபடி விரிப்பது நல்லது. இன்னொன்று: வெளிநாட்டுக் குறிப்புகளில் "தெற்குப் பக்கம் காயும்" என்று படித்துவிட்டு தெற்கை மட்டும் மறைப்பவர்கள் உண்டு. சென்னையில் ஏப்ரல் 24 வாக்கில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, ஆகஸ்ட் 18 வாக்கில் திரும்பி வரும்வரை வடக்கே இருக்கும். அந்த நாலு மாதம் சுடுவது வடக்குப் பக்கமும் உச்சியும்.

உரம் குறைவாக. தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 கரையும் உரம் லிட்டருக்கு அரை கிராம், மாதம் ஒருமுறை, பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை. கூடுதலாகப் போட்டால் உடம்பு ஊதித் தோல் வெடிக்கும்.

பூச்சியில் மாவுப்பூச்சிக்கு 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் தூரிகையால் தொட்டு வையுங்கள், மாலையில், வெயில் படாத நேரத்தில், வாரம் ஒருமுறை மூன்று வாரம். வேரில் இறங்கியிருந்தால் மண் முழுவதையும் கழுவி எறிந்துவிட்டு, இமிடாகுளோபிரிட் 17.8 எஸ்.எல். என்ற பூச்சிமருந்தை லிட்டருக்கு 0.3 மி.லி. கலந்து புது மண்ணில் ஊற்றலாம். உச்சியைச் சுற்றித் துருப்பிடித்த நிறம் படர்ந்தால் அது பெரும்பாலும் செஞ்சிலந்தி, நீரில் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், நல்ல வெயில் காலத்தில் அடிக்க வேண்டாம். அழுகலுக்கு மருந்தைவிடக் கத்தி முக்கியம். அடியிலிருந்து சீவிக்கொண்டே போய், வெட்டுமுகத்தில் ஒரு பழுப்புப் புள்ளிகூட இல்லாத வெளிர்பச்சை தெரியும்வரை போக வேண்டும், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஆல்கஹாலில் துடைத்துக்கொண்டு. காயத்தில் காப்பர் ஆக்சிகுளோரைடு பொடி தூவி மூன்று நாலு வாரம் காய வைக்கலாம். இந்தச் செடி தலைவெட்டில் வேர்விட மாதக்கணக்கில் எடுக்கும், பல நேரம் விடவே விடாது. பக்கக் கன்றும் சாதாரணமாகப் போடாது, ஆகவே ஒரு செடி போனால் போனதுதான்.

ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால், தொட்டியோடு அனுப்புபவரைவிட மண்ணைக் கழுவி வெறும் வேரோடு, முள்ளுக்கு மேல் டிஷ்யூவும் செய்தித்தாளும் சுற்றி அனுப்புபவர் மேல். வேரைக் கண்ணால் பார்க்கலாம், கோகோபீட்டைச் சீவும் வேலையும் மிச்சம். ஒரு வாரப் பயணம் இந்தச் செடிக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் மழைக்காலத்தில் ஆர்டர் போடாதீர்கள், நனைந்த பெட்டிக்குள் மூன்று நாள் கிடப்பது வேறு கதை. அளவைக் கேட்கும்போது முள்ளைச் சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்கள். முள் நுனிக்கு நுனி அளந்து 10 செ.மீ. என்று விற்கும் செடி, உடம்பை அளந்தால் 7 செ.மீ.தான் தேறும். பெட்டியைப் பிரிக்கும்போது நாலு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஒடிந்த நடுமுள் அதே இடத்தில் மறுபடி முளைக்காது.